உங்களுக்குத் தெரியுமா? வேங்கை பூத்தால் கல்யாணம்!

(தேனி, கம்பம் பள்ளத்தாக்கு சொல்லும் காதல், ஆசை, மனித மனம்)

★ எண்பதுகளில் காதலித்த தமிழர்களுக்குப் பாட்டும் காட்சியும் பெரும்பாலும் ஒரே வட்டாரத்திலிருந்து வந்தன. பாரதிராஜா பிறந்தது அல்லிநகரம். இளையராஜா பிறந்தது பண்ணைப்புரம். வைரமுத்து வளர்ந்தது வடுகபட்டி. மூன்றுமே இன்றைய தேனி மாவட்டம். மூவரும் முதன்முதலாகச் சேர்ந்த படம் 1980-ல் வந்த ‘நிழல்கள்’. ஐந்தே ஆண்டில் ‘முதல் மரியாதை’ வந்தது. மனைவியோடு மனம் ஒட்டாமல் காலம் தள்ளும் ஊர்ப் பெரியவருக்கும், பிழைக்க வந்த ஏழைப் பெண்ணுக்கும் நடுவில் வளரும் அன்பைச் சொன்ன கதை. சிவாஜி கணேசனுக்கு அப்போது வயது ஐம்பத்தேழை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. வைரமுத்து முதல் தேசிய விருதை வாங்கியதும் அந்தப் படத்துக்குத்தான். வயசான மனசுக்கும் ஆசை உண்டு என்பதை ஊர் ஒத்துக்கொண்டு, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தது. திரையில் ஒத்துக்கொண்டதை வீட்டில் ஒத்துக்கொள்கிறோமா என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது.

★ சங்கப் பாடல்கள் 2381. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அகப்பாடல்கள், அதாவது காதலும் பிரிவும் ஊடலும். அத்தனை பாடல்களிலும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. இன்னார் என்று சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் விதித்த கட்டளை. எவ்வளவு கறாரான விதி என்றால், ‘நெடுநல்வாடை’யில் வேலின் நுனியில் வேப்பந்தழை கட்டியிருந்ததாக ஒரு குறிப்பு வருகிறது, வேம்பு பாண்டியனின் அடையாளம், ஆள் யார் என்று தெரிந்துவிட்டது, ஆகவே இது அகம் அல்ல, புறம் என்று நச்சினார்க்கினியர் வாதிட்டார். ஒருவருடைய காதல் அவருக்கே சொந்தம், ஊர் வாயில் விழக் கூடாது என்ற மரியாதை அந்த விதியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஓடிப்போன பிள்ளைகளின் போட்டோவை வாட்ஸ்அப்பில் சுற்ற விடும் நாம் அந்த விதியை மறுபடி படிக்க வேண்டும்.

★ போடிமெட்டில் பஸ் ஏறி, மலை இறங்கி, தேனி வந்து, அங்கிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் உட்காருங்கள். குறிஞ்சியில் கிளம்பி, முல்லை போன்ற அடிவாரத்தைக் கடந்து, மருதத்து நெல்வயலில் போய் இறங்குவீர்கள். மழை பொய்த்த ஆண்டின் கோடையில் ஆண்டிபட்டிக் கணவாய்ப் பக்கம் திரும்பினால் பாலையும் உண்டு. கூடல், காத்திருத்தல், ஊடல், பிரிவு என்று இலக்கணம் பிரித்து வைத்த நிலங்களில் நெய்தலைத் தவிர மற்றவை இங்கே அரை நாள் பயணத்துக்குள் அடங்குகின்றன.

★ வேங்கை மரத்தைத் தெரியுமா? இந்த மலைகளில் மஞ்சளாகப் பூக்கும். பட்டையைக் கீறினால் ரத்தம் போலச் சிவப்பாகப் பால் வடியும். அந்தப் பாலைக் காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் ஊற்றி வைத்து, கைக்குழந்தைக்குக் கறுப்புப் பொட்டு வைப்பது இன்றும் பல வீடுகளில் உண்டு. மரத்தைக் குடைந்து செய்த குவளையில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடிக்கிற சர்க்கரை நோயாளிகளும் இருக்கிறார்கள். குறிஞ்சிப் பாடல்களில் வேங்கைக்கு வேறு வேலை. வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது, அறுப்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தம். தினை அறுத்துவிட்டால் காவலுக்கு நிற்கும் பெண் வீட்டுக்குள் போய்விடுவாள், அவனைப் பார்க்க முடியாது. ஆகவே ‘வேங்கை பூத்தாச்சு, இன்னுமா பொண்ணு கேட்டு வரலை?’ என்பது தோழியின் கேள்வி. கல்யாணத்துக்கு ஏற்ற காலமும் அதுதான். முருகன் வள்ளியைத் தேடி வந்து, ஆள் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக மாறி நின்றான் என்கிறது கதை. இன்னொரு பெண் வேங்கை நிழலில் வந்து நின்ற கதையைப் பிறகு சொல்கிறேன்.

★ நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பூத்துக் காய்த்து விதை விட்டதும் அந்தச் செடி செத்துவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஆயுளில் ஒரே ஒரு பூப்பு. கூட்டமாக ஒரே பருவத்தில் பூத்துக் கொட்டுவதால், பூச்சியும் பறவையும் எவ்வளவு தின்றாலும் மிச்ச விதை மண்ணில் விழும். கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன் பக்கம் கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018-ல். அடுத்தது 2030. கூடலுக்கு உரிய திணைக்குத் தமிழன் இந்தப் பூவின் பெயரைத்தான் வைத்தான்.

★ உடன்போக்கு என்றால் என்ன? பெற்றவர்கள் சம்மதிக்காதபோது தலைவியும் தலைவனும் ஊரைவிட்டுக் கிளம்பிப் போவது. நம்மூரில் ‘ஓடிப்போச்சு’ என்கிறோம். ஊரார் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். சங்கப் புலவர்கள் தாழ்த்தவில்லை. பாலைத் திணையில் அதற்கென்றே துறைகள் வைத்தார்கள். பெண்ணைத் தேடி வெயிலில் நடக்கும் செவிலித்தாயின் அழுகையை எழுதினார்கள். வழியில் அந்த ஜோடியைப் பார்த்தவர்களுக்கும் பேச இடம் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பெயர் ‘கண்டோர்’. கலித்தொகையில் ஒரு பாட்டு. தேடி வரும் தாயிடம் வழியில் வரும் துறவிகள், மலையில் பிறந்த சந்தனத்தையும் கடலில் பிறந்த முத்தையும் எடுத்துக்காட்டி, அவை பிறந்த இடத்துக்குப் பயன்படுவதில்லை அம்மா, உன் மகளும் அப்படித்தான், அவள் போனது சரியான வழிதான் என்று சமாதானம் சொல்கிறார்கள். காதலர்களுக்காக வழிப்போக்கர் வாதாடுகிறார். காதல் பிழைப்பதற்கு இரண்டு பேர் மட்டும் போதாது. மூன்றாவதாக ஒருவர், ‘நான் பார்த்தேன், தப்பில்லை’ என்று சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் கதைகள் எல்லாவற்றிலும் அந்த மூன்றாவது ஆளை நான் தேடுகிறேன்.

★ கண்ணகி கதையில் அந்த மூன்றாவது ஆள் மலைவாழ் குறவர்கள். மதுரையை எரித்த பிறகு அவள் எங்கே போனாள்? வைகைக் கரையைப் பிடித்து மேற்கே நடந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். வைகையை எதிர்த்து நடந்தால் வந்து சேருவது தேனிச் சீமை. நெடுவேள் குன்றத்தில் ஏறி, பூத்த வேங்கையின் நிழலில், ஒரு மார்பை இழந்த கோலத்தில் நின்றாள். பதினான்காம் நாள் கோவலன் வானவரோடு வந்து அவளை அழைத்துப் போனான். பார்த்தவர்கள் தினைப்புனம் காக்கும் குறவர் குடிப் பெண்களும் ஆண்களும். ‘நீங்கள் யார்?’ என்று மட்டும் கேட்டார்கள். எந்த ஊர், என்ன சாதி என்று அவர்கள் விசாரணை வைக்கவில்லை. இவளைவிடப் பெரிய தெய்வம் நமக்கில்லை என்று குரவை ஆடினார்கள். பேரியாற்று மணலில் தங்கியிருந்த சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் சொன்னதும் அவர்களே. கூட இருந்த சாத்தனார் முன்கதையைச் சொன்னார். அதன் பிறகே இமயத்துக் கல், கங்கை நீராட்டு, கோயில் எல்லாம். அந்த மக்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காப்பியத்தின் மூன்றாம் காண்டமே இல்லை.

கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், வண்ணாத்திப்பாறைப் பகுதியில் இடிந்த நிலையில் ஒரு கற்கோயில் இருக்கிறது. மங்கலதேவி கண்ணகி கோயில். பூம்புகாரிலிருந்து கண்ணகி நடந்த பாதையைத் தானும் தேடி நடந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், 1963-ல் இங்கு வந்து, இது கண்ணகி கோட்டமே என்று எடுத்துச் சொன்னார். புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வருஷத்தில் ஒரே ஒரு நாள், சித்ரா பௌர்ணமிக்கு மட்டும் திறப்பார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். பளியன்குடி வழியாக ஏறுகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். கல்லும் புல்லுமாக ஏறும் அந்தப் பாதையில், பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறுகிற பாட்டிகளைப் பார்க்கலாம். மேலே போனால் வரிசை. பெண்களுக்கு வளையலும் மஞ்சள் கயிறும் குங்குமமும் பிரசாதம். கட்டிய புருஷன் வேறொருத்தியோடு போனதையும், திரும்பி வந்ததையும், அநியாயமாகச் செத்ததையும் தாங்கிய ஒருத்தியிடம் போய், தாலி நிலைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். சந்தோஷமாக வாழ்ந்த தெய்வத்திடம் அந்த வரத்தைக் கேட்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பட்டவளுக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கை அது.

★ அதே கண்ணகியை இலங்கையில் சிங்களப் பௌத்தர்கள் ‘பத்தினி தெய்யோ’ என்று கும்பிடுகிறார்கள். மட்டக்களப்புத் தமிழர்களுக்குக் கண்ணகி அம்மன். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு வந்திருந்ததாகச் சிலம்பு சொல்கிறது. இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர இந்த வழிபாட்டைப் பற்றி மட்டுமே ஒரு பெரும் நூல் எழுதி 1984-ல் வெளியிட்டார்.

★ கோவலனும் மாதவியும் பிரிந்ததற்குக் காரணம் என்ன? ஒரு சந்தேகம். புகார்க் கடற்கரையில் அவன் யாழ் மீட்டிப் பாடினான். மனதில் வேறொருத்தியை வைத்துக்கொண்டு பாடுகிறானோ என்று அவளுக்குத் தோன்றியது. தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பாடிக் காட்டினாள். அவன் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போனான். கடிதம் எழுதினாள், வாங்க மறுத்தான். மதுரைக்குப் போகும் வழியில் கோசிகன் என்பவன் கொண்டுவந்த இரண்டாவது கடிதத்தைப் படித்த பிறகுதான், இவள் மேல் குற்றமில்லை என்று புரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. ‘கேட்டிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்’ என்று நாம் எத்தனை வீடுகளைப் பார்த்துச் சொல்லியிருப்போம்!

★ சித்திரை, வைகாசியில் தேனிப் பக்கத்துக் கிராமத் திருவிழாவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்மோனியச் சத்தம் கேட்டால், பெரும்பாலும் ‘வள்ளி திருமணம்’ நாடகம். எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). ‘ஸ்பெஷல் நாடகம்’ என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், நாரதர் வேறு ஊர். தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் ஏறித்தான் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். விடிய விடிய நடக்கும்.

முதலில் பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் வருவார்கள். ஆடிக்கொண்டே வரும் அவளும் இவனும் தெரியாமல் இடித்துக்கொள்வார்கள். ‘யாரு மேல யாரு மோதினது?’ என்று சண்டை ஆரம்பிக்கும். சண்டை பாட்டாகும், பாட்டு போட்டியாகும், போட்டி காதலில் முடியும். ஆசையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேச முடியாத ஊர், அந்த ஒரு மணி நேரம் வாய்விட்டுச் சிரிக்கும். பிறகு வள்ளி வருவாள், தினைப்புனத்தில் கவண் வீசி ஆலோலம் பாடுவாள். வேலனுக்கும் வள்ளிக்கும் தர்க்கம். அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். ஜெயிப்பது தெய்வம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கம் வள்ளியின் பதிலுக்குத்தான் காத்திருக்கும்.

அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் மதுரையை மையமாக வைத்து இந்தக் கலைஞர்களோடு பழகி, 2005-ல் ஒரு நூல் எழுதினார். அவர் கவனித்த வேதனை இது: மேடையில் ரசிக்கும் அதே ஊர், மேடையை விட்டு இறங்கிய நடிகையை மதிப்பதில்லை. ஆகவே அந்தப் பெண்கள் ஊருக்குள் வரும்போதும் போகும்போதும் யார் கண்ணிலும் படாமல் மூடிய வண்டியில் போய்வருவதைக் கவனமாகக் கடைப்பிடித்தார்கள். நமக்காக ஆசையைப் பேசிக்காட்டியவளுக்கு நாம் கொடுத்த சம்பளம் அது. இதைப் படித்தபோது எனக்கு மிகவும் வலித்தது.

★ சின்னமனூர் பக்கத்து அய்யம்பட்டியிலும், உத்தமபாளையம் பக்கத்துப் பல்லவராயன்பட்டியிலும் ஜல்லிக்கட்டு பேர் பெற்றது. இன்று பிடித்தவருக்கு அண்டா, கட்டில், பைக். கலித்தொகை காலத்து முல்லை நிலத்தில் பரிசு, பெண்ணின் சம்மதம். கொம்புக்குப் பயந்தவனை ஆயர் மகள் மறுபிறவியிலும் தொடமாட்டாள் என்று கலித்தொகைப் பாட்டு ஒன்றில் வரும்.

★ ‘முறைப்பொண்ணு’, ‘முறைப்பையன்’ என்ற உறவை உலக மானிடவியலில் பெரிய விவாதமாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த லூயி துய்மோன். அவர் 1949–50-ல் தங்கி ஆராய்ந்தது உசிலம்பட்டிப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர் சமூகத்தை. நூல் 1957-ல் வந்தது. கொண்டான், கொடுத்தான் உறவு ஒரு கல்யாணத்தோடு முடிவதில்லை. அது தலைமுறை தலைமுறையாக இறங்கும் சொத்து என்று அவர் எழுதினார். காது குத்துக்குத் தாய்மாமன் மடி, சடங்குக்குத் தாய்மாமன் சீர், கல்யாணத்துக்கு மாமன் மாலை என்று நாம் அன்றாடம் செய்வதைத்தான் அவர் விளக்கினார்.

இதில் ஒரு புதிர் உண்டு. சிறு வயதில் ஒன்றாக ஒரே வீட்டில் வளர்ந்தவர்களுக்குள் பிற்பாடு ஆசை வருவதில்லை என்று பின்லாந்து அறிஞர் வெஸ்டர்மார்க் 1891-ல் சொன்னார். இஸ்ரேலின் கிபுட்ஸ் குடியிருப்புகளில் ஒரே குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர்கள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொள்வது அபூர்வம் என்று பிற்காலத்து ஆய்வும் காட்டியது. அப்படியானால் மாமன் மகள் மேல் மட்டும் எப்படி? என் ஊகம் இது. அவள் வேறு வீட்டில், பல சமயம் வேறு ஊரில் வளர்கிறாள். திருவிழாவுக்கும் காது குத்துக்கும்தான் கண்ணில் படுகிறாள். பிறந்தது முதல் ‘உனக்குத்தாண்டா இவ’ என்று ஊரே கேலி செய்கிறது. உரிமை இருக்கிறது, தூரமும் இருக்கிறது. ஆசை வளர இரண்டும் வேண்டும்.

ஆனால் இதற்கு விலையும் உண்டு. ரத்த உறவில் தொடர்ந்து மணம் முடித்தால், இரு பக்கமும் மறைந்திருக்கும் பரம்பரைக் குறைபாடு குழந்தையிடம் ஒன்று சேரும் வாய்ப்பு கூடும். நாட்டிலேயே உறவுத் திருமணம் அதிகம் நடக்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. முறை இருக்கிறது என்பதற்காகக் கட்டாயப்படுத்துவதும், பிடித்தும் முறை இல்லை என்பதற்காகப் பிரிப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

★ விவாகரத்து மேல்நாட்டு இறக்குமதி என்று நினைக்கிறீர்களா? மதுரைச் சீமையில் கள்ளர் சமூகத்தில் ஊரார் முன்னிலையில் ஒரு துரும்பைக் கொடுத்துவிட்டால் கணவன் மனைவி உறவு தீர்ந்தது என்று எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தொகுதிகளில் பதிந்திருக்கிறார். துரும்பு கொடுத்தால் விடுகிறேன் என்று பொருள்; வாங்கிக்கொண்டால் சம்மதம். ‘அத்துவிடுறது’, ‘தீர்த்துவிடுறது’ என்று பல சாதிகளில் இது உண்டு. பிறகு மறுகல்யாணமும் உண்டு. 1955-ன் இந்துத் திருமணச் சட்டமும் இந்த வழக்கத்தை ஒழிக்கவில்லை. வழக்காற்றில் இருக்கும் மணமுறிவு செல்லும் என்று 29-ஆம் பிரிவு சொல்கிறது. ஒட்டாத உறவை வன்மம் இல்லாமல் முடிக்க நம் பாட்டன்களிடம் ஒரு வழி இருந்தது.

★ வருசநாடு, மேகமலைப் பக்கம் வாழும் பளியர் என்ற பழங்குடியினருக்கு, உறவை முடிக்க ஊரைக் கூட்டும் தேவைகூடக் குறைவு. 1960-களில் பளியர்களோடு தங்கி ஆராய்ந்த பீட்டர் கார்ட்னர் எழுதியது: அவர்களிடம் ஒருவர் இன்னொருவருக்கு உத்தரவு போடுவதில்லை, போட்டி போடுவதில்லை. சண்டை வந்தால் அடிதடி கிடையாது, விலகிப் போய்விடுவார்கள். கணவன் மனைவிக்கும் அதே வழி. அடுத்தவர் சுயமரியாதையைத் தொடாமல் இருப்பதே அங்கே ஒழுக்கம். ஆண்டிபட்டிப் பக்கத்து மாவூற்று வேலப்பர் கோயிலில் பூசை செய்வோரும் பளியர்களே.

★ அகநானூற்றில் ஒரு கல்யாணப் பந்தல் முழுதாக இருக்கிறது. 86-ஆம் பாட்டு, பாடியவர் நல்லாவூர் கிழார். உளுந்து போட்டுப் பொங்கிய சோறு மணக்கிறது. பந்தலில் புது மணல் பரப்பியிருக்கிறார்கள். திங்களும் உரோகிணியும் சேரும் விடியற்காலை. பிள்ளை பெற்ற நான்கு பெண்கள் பூவும் நெல்லும் கலந்த நீரைத் தலையில் ஊற்றி வாழ்த்துகிறார்கள். அக்கினி இல்லை, புரோகிதர் இல்லை, தாலி பற்றிய பேச்சு இல்லை. இதைச் சொல்பவன், வீட்டுக்குள் விட மறுக்கும் மனைவியின் தோழியிடம் பழைய நாளை நினைவுபடுத்தும் கணவன்.

★ வைகை அணைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள். 1959-ல் அணை திறந்தபோது தண்ணீருக்குள் போன ஊர்களில் ஒன்று வைரமுத்து பிறந்த மெட்டூர். அந்த மண்ணை விட்டுப் பிரிய முடியாத பேயத்தேவர் என்ற சம்சாரியின் கதையை அவர் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ என்று எழுதினார். 2003-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது. ஆசை என்றால் ஆண் பெண் மட்டும்தானா? நிலத்தின் மேல் இருக்கிற ஆசையில் செத்த சம்சாரிகள் இந்தச் சீமையில் அதிகம்.

★ சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் இதையும் சொல்ல வேண்டும். கள்ளிப்பாலுக்குப் பெண் சிசுக்களைப் பறிகொடுத்ததும் இதே உசிலம்பட்டி, தேனி வட்டாரம்தான். அரசு 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் நீட்டித்தது. பாரதிராஜா 1994-ல் ‘கருத்தம்மா’வை எடுத்துத் தன் மண்ணின் குற்றத்தைத் தானே சொன்னார். அதில் பாடியதற்காக ஸ்வர்ணலதாவும் எழுதியதற்காக வைரமுத்துவும் தேசிய விருது பெற்றார்கள். அந்தத் தாய்மாருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. சீர் செனத்திக் கணக்கும் புருஷன் வீட்டுப் பயமும் பாசத்தின் கழுத்தை நெரித்தன.

★ முகமே பார்க்காமல் அன்பு வைக்க முடியுமா? 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார். ஒரு நாள்கூடத் தொகுதிக்கு வராத அவரை ஆண்டிபட்டி ஜெயிக்க வைத்தது. முல்லைப் பெரியாறு அணையை 1895-ல் கட்டி முடித்த பென்னிகுயிக்கின் பிறந்த நாள் ஜனவரி 15. பொங்கலோடு பொங்கலாக அவருக்கும் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்த குடும்பங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கின்றன.

★ காதல் கவிஞர்களின் கற்பனை என்று சில மேல்நாட்டு அறிஞர்கள் வெகுநாள் சொல்லிவந்தார்கள். 1992-ல் ஜான்கோவியக், பிஷர் என்ற இருவர் 166 சமூகங்களைப் பற்றிய பதிவுகளைப் புரட்டி, 147-ல் காதலுக்குச் சான்று இருக்கிறது என்று காட்டினார்கள். மீதியில் காதல் இல்லை என்பதல்ல, எழுதியவர் கவனித்துக் குறிக்கவில்லை என்பதே அவர்கள் கருத்து.

★ மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் ஒருவரையொருவர் நேசித்து, வீட்டாருக்குப் பயந்து சென்னை போய், பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்புக்கு முன் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூனில் வந்த தீர்ப்பு, ஒருபாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை போட்டது. சங்கப் பாட்டின் கண்டோர் இன்று கறுப்பு அங்கியில் வந்தால் இப்படித்தான் இருப்பார்.

★ கடைசியாக, தெரிந்தே ஆக வேண்டியவை. 2014-ல் உசிலம்பட்டிப் பகுதியில் சாதி மாறிக் கல்யாணம் செய்த ஓர் இளம்பெண்ணின் உயிர் போனது. அந்த வழக்கில் 2016 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம், கலப்பு மணத் தம்பதிகளின் புகாரைக் கேட்க மாவட்டம்தோறும் தனிப் பிரிவும், 24 மணி நேரத் தொலைபேசியும் வேண்டும் என்று உத்தரவிட்டது. தேனிக்கும் அது பொருந்தும். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவுப்படி, உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், தெரிந்த மொழியில் ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினாலும், தாலி கட்டினாலும் இந்துக்களுக்கு அது செல்லுபடியாகும் கல்யாணம். ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, வழக்கறிஞர்கள் நண்பராக முன்நின்று நடத்தி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாக்கியது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். கல்யாணமான 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். சாதி மறுத்து மணந்தவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசின் உதவித்தொகையும் தாலிக்குத் தங்கமும் உண்டு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆபத்து என்றால் பெண்கள் 181-ஐயும், யாராக இருந்தாலும் 112-ஐயும் அழைக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்காக நீங்களும் அழைக்கலாம்.